நடுவில் பூஜ்ஜியம்

“எந்திரி, ரூபினி!”

தம்போய் ஊர்க் கடைவரிசை மாடியில் டியூஷன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். சபாபதி சார் குரலை உயர்த்தினால் கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்கும்.

வெண்பலகையில் இரண்டு புள்ளிகள். இடப்பக்கம் பிளஸ் மின்னூட்டம், வலப்பக்கம் அதே அளவு மைனஸ். சரியாக நடுவில் மின்புலம் எவ்வளவு? இதுதான் கணக்கு.

“நான் பூஜ்ஜியம்னு போட்டிருக்கேன். நீ ரெண்டையும் கூட்டி வச்சிருக்க. பிளஸ்ஸும் மைனஸும் சமமா இருந்தா அடிபட்டுப் போயிடாது?”

“சார், நடுவுல ஒரு சின்ன பிளஸ் வச்சா, இந்தப் பக்கத்து பிளஸ் அதத் தள்ளும். அந்தப் பக்கத்து மைனஸ் இழுக்கும். ரெண்டும் ஒரே பக்கம்தானே…”

“இருபது வருஷமா சொல்லிக் குடுக்குறேன், எனக்கே பாடம் நடத்துறியா? இந்த லட்சணத்துல அம்மணிக்கு இன்ஜினியர் ஆகணுமாம்! பேசாம பிசிக்ஸ விட்டுட்டு வேற பாடம் பாரு லா!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரூபினி எழுதியதை அழித்துவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்து சார் தன் காரில் வீடு திரும்பும்போது, சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார் நின்றுபோயிருந்தது. ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார். இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுத்தார். கார் மெல்ல நகர்ந்தது.

“அலமாக், ஐயையோ!” என்று சார் தன் காருக்குள்ளேயே கத்திவிட்டார்.

தள்ளுகிறவனும் இழுக்கிறவனும் எங்கே அடிபட்டுப் போனார்கள்? கார் ஓடுகிறதே! மின்னழுத்தம் கேட்டிருந்தால்தான் பூஜ்ஜியம். கேட்டது மின்புலம். அந்தப் பிள்ளை இதைத்தானே சொன்னாள்?

அவர் முகம் எரிந்தது. விளக்கு பச்சைக்கு மாறி, பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தார். கேட்டால் மானம் என்னாவது? ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும், ‘சாருக்கே கணக்கு வராது’ என்று தூரத்துக் கெலாங் பாத்தா ஊர் வரைக்கும் பரவிவிடும். அப்புறம் யார் வருவார்கள்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை ரூபினி வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே ஆரம்பித்தார்.

“போன வாரம் அந்தக் கணக்க நான் வேணும்னேதான் தப்பா போட்டேன். யாராச்சும் கண்டுபிடிக்கிறீங்களான்னு ஒரு டெஸ்ட்டு. ரூபினி மட்டும்தான் பிடிச்சா. வெரி குட்.”

சொல்லும்போதே அவருக்கே கூசியது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

“தெரியும் சார்,” என்றான் முன்வரிசைக் குணாளன்.

“தெரியுமா? எப்படி?”

“நீங்க போனதும் புத்தகத்தப் பாத்தோம் சார். அவ போட்டதுதான் சரி. சாருக்கே தெரியல, வேற டியூஷனுக்குப் போயிறலாம்னு நாங்க பேசிக்கிட்டோம். ரூபினிதான் விடல. ‘சார் வேணும்னேதான் தப்பா போட்டாரு, என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு, ஏச்சு வாங்குனது எல்லாம் நடிப்பு’ன்னு சொல்லிட்டா.”

சபாபதி சார் அப்போதுதான் ரூபினியைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்காமல், நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தன் மானத்தைக் காப்பாற்ற அவர் ஒரு வாரம் தேடிய பொய்யை, அவர் மானத்துக்காக அவள் அன்றைக்கே சொல்லி முடித்திருக்கிறாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது அவருக்கு.

குணாளனுக்கு இது எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னான்:

“ஆனா அவ ஆக்டிங் பெஸ்ட் லா சார்! ‘எல்லாம் நடிப்பு’ன்னு எங்ககிட்ட சொல்றப்பவும் அழுதுக்கிட்டேதான் சொன்னா.”