இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

பஞ்சவர்ணம் அசையவில்லை. சாப்பாட்டு மேசையில் மைலோ டின்மேல் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்தாள். போனுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் ரத்னவேல் அவளைப் பார்த்தார்.

நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வீடியோவை அணைக்கக் கூடாது என்பது உத்தரவு. அவள் சமைத்ததையும், சாப்பிடாமல் அதைக் கொட்டியதையும், சோபாவில் உட்கார்ந்தபடியே கண் எரிய விழித்திருந்ததையும் பார்த்தார். குளியலறைக்குக்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அறுபத்து மூன்று வயதில், பிடோக் அடுக்குமாடியில், சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு கூத்து.

நீல உடுப்பு, பின்னால் சுவரில் பெரிய சின்னம், கையில் அடையாள அட்டை. எல்லாவற்றையும்விட, அவர் தமிழில் பேசினார். இந்த ஊரில் ஓர் அதிகாரி அவளிடம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தமிழிலேயே பேசியது இதுதான் முதல்முறை.

போலீஸ் என்று சொல்லிப் போனில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் என்ற சுவரொட்டியை லிஃப்ட் வாசலில் தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் இவர் வாயைத் திறந்ததும் முதலில் சொன்னதே அதைத்தான். ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டார்கள், ஜாக்கிரதை என்றார். திருடன் வந்து திருடனைப் பற்றி எச்சரிப்பானா?

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவள் பெயரில் யாரோ வங்கிக் கணக்கு தொடங்கிக் கள்ளப் பணத்தைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அந்தத் தாள்களில் அவள் மகன் கபிலனின் கையெழுத்தும் இருக்கிறது.

“விசாரணை முடியிற வரைக்கும் மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. பேசினா அன்னைக்கே அவர உள்ள வச்சிடுவாங்க.”



அவள் பேசவில்லை. போன் திரையின் மேல் ஓரத்தில் கபிலனின் பெயர் வந்து வந்து மறைந்தது. இருபது தடவைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் அவள் விரலையே பார்த்தார்.

நகைகளைத் துணிப்பையில் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார். பரிசோதிக்க வேண்டுமாம். ஐந்து மணிக்கு புளோக்கின் கீழே, வாய்ட் டெக்கில், ஓர் அதிகாரி வந்து வாங்கிக்கொள்வார். சிராங்கூன் ரோட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்த்துப் பார்த்து வாங்கியவை. போனால் போகட்டும். பிள்ளை உள்ளே போகாமல் இருந்தால் போதும்.

மணி நாலரை.

வினை, நேற்று அவர் சொன்னபடி போனை அணைக்காமலே பணம் எடுக்கப் போன வங்கியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் எதற்குப் பணம், யார் கேட்டது என்று துருவித் துருவிக் கேட்டாள். சொல்லிக் கொடுத்தபடி பஞ்சவர்ணம் புது அலமாரி வாங்க என்றாள். நாக்கு குழறியது. அந்தப் பெண் பணத்தைத் தரவும் இல்லை, சும்மாவும் இருந்திருக்க மாட்டாள். அதுதான் இப்போது வாசலில் ஆள்.

செருப்பில்லாத காலால் மெல்ல நடந்து போய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள்.

இரும்புக் கிராதிக்கு அப்பால் கருநீலச் சட்டை. கழுத்தெல்லாம் வேர்வை. இடுப்பில் வாக்கி டாக்கி.

சட்டென்று கண்ணை எடுத்தாள். இவ்வளவு பயத்தை அவள் பிரசவ அறையில்கூட அனுபவித்ததில்லை.

திரும்பி வந்து, சத்தம் வராமல், போனுக்கு முன்னால் கதவைச் சுட்டிக் காட்டினாள்.

“தெரியும்மா. போலீஸ் உடுப்புல யார் வந்தாலும் தொறக்கக் கூடாது. உங்க மகன நெனச்சுப் பாருங்க.” இன்ஸ்பெக்டரின் குரலில் அவசரமே இல்லை.

அவள் நினைத்துப் பார்த்தாள். அதைத் தவிர வேறு எதையுமே இரண்டு நாளாக அவள் நினைக்கவில்லை.

வெளியே கிராதிக்குள் கையை விட்டு உள்ளங்கையால் கதவில் அறைகிற சத்தம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ மலாயில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

“அந்த போன்ல இருக்கிறவன் போலீஸ் இல்ல லா. தயவுசெஞ்சு தொறங்கம்மா.”

குரல் உடைந்திருந்தது. போலீஸ்காரர்கள் இப்படிக் கெஞ்ச மாட்டார்கள்.

அவள் கதவருகே போனாள். கை தானாகத் தாழ்ப்பாளைத் தொட்டது. கொஞ்சம் இழுத்தால் போதும்.

இதே உடுப்பை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு அவன் வந்து நின்ற நாளில், இதே வாசலில்தான் அவள் ஆரத்தி சுற்றினாள். ஊர்க் கண்ணெல்லாம் உன்மேல்தான்டா என்று சொல்லி நெற்றியில் வைத்தாள். சட்டையில் பட்டுவிடப் போகிறது என்று சிணுங்கிக்கொண்டே கபிலன் குனிந்து காட்டினான்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் போன் விழித்திருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலுக்கு வந்து எதையாவது விற்கிறவர்களை விரட்டும் குரலை எப்படியோ தேடி எடுத்தாள்.

“யார் தம்பி நீங்க? உங்கள எனக்குத் தெரியாது. போயிடுங்க.”

தட்டும் சத்தம் நின்றது.

பிள்ளையைக் காப்பாற்றியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான், இரண்டு நாளில் முதல்முறையாக, பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்தது.