ஜோடி உள்ளான்

கொல்லிமலை ஏரிக்கரைப் புதருக்குள் மூச்சை அடக்கிப் படுத்திருந்தார் தமிழாசிரியை மைதிலி. போன மார்கழியில் ஜோடியாக வந்த உள்ளான் பறவைகளில், இந்த முறை ஒன்றுதான் சேற்றில் நின்றது. இலை அசைந்தாலும் பறந்துவிடும். மெல்ல கேமராவை உயர்த்தினார்.

"ஏனுங்க டீச்சர், என்ன பண்றீங்க?" பின்னால் வந்து நின்றார் மிளகுத் தோட்டக்காரர் அர்த்தனாரி.

"உஷ்! இதையும் வலையில போடணும்."

அர்த்தனாரி படாரென்று கைதட்டினார். பறவை பறந்தே போனது.

"ஐயோ! நான் சொன்னது வலைத்தளம்ங்க. இன்டர்நெட்!"

"தெரியுமுங்க. போன வருசம் ஏரிப் பேரோட நீங்க போட்ட படத்தைச் செல்போன்ல காட்டித்தான் ரெண்டு பேர் எங்கிட்ட வழி கேட்டாங்க. நானும் காட்டி உட்டேன்."

"பறவை பார்க்க வந்தவங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன். திரும்பிப் போறப்பத்தான் பார்த்தேன், அவங்க கையிலயும் வலை இருந்துச்சுங்க."