தள்ளி நிற்கச் சொன்ன ஏணி

அந்த ஊர் விமான நிலையத்துக்குத் தினமும் ஒரே ஒரு குட்டி விமானம்தான் வந்துபோனது. அதன் கதவிலேயே படிகள் உண்டு. இருந்தாலும் அது, பெரிய விமானங்களில் ஆளேற்றும் ஏணி வண்டியின் பக்கத்தில் வந்து நின்று, போன ஊர்க் கதையெல்லாம் பேசும்.

"பெரிய விமானம் வராத ஊர்ல எனக்கு என்ன வேலை?" என்று ஏணி சலித்துக்கொள்ளும்.

ஒருநாள் பெரிய விமானம் வந்தது, பாதி டிக்கெட் விலையில். கூட்டமெல்லாம் அதில் ஏறியது. ஏணிக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னிக்கு எனக்கு நாலே பேர்," என்றது குட்டி விமானம்.

"அப்புறம் பேசலாம். பெரியவர் வர்ற நேரம், கொஞ்சம் தள்ளி நில்லு," என்றது ஏணி.

சில நாளில் குட்டி விமானம் வருவதை நிறுத்திக்கொண்டது. போட்டிக்கு ஆளில்லை என்றானதும் பெரிய விமானம் டிக்கெட் விலையை ஏற்றியது. கூட்டம் ரயிலுக்குத் திரும்பியது. "இந்த ஊர் கட்டுப்படியாகலை," என்று பெரிய விமானமும் போய்விட்டது.

ஓடுபாதையில் புல் முளைத்தது. ஒரு மதியம், மேலே பழகிய இரைச்சல் கேட்டது.

"நம்ம குட்டிதான், வேற ஊருக்குப் போறான். கூப்பிடேன்," என்றது காற்றின் திசை காட்டக் கம்பத்தில் தொங்கிய காற்றுப்பை.

இரைச்சல் அடங்கும்வரை ஏணி வானத்தையே பார்த்தது.

"அவனுக்கு ஏணியே தேவையில்லை," என்றது பிறகு. "ஆனாலும் தினம் என் பக்கத்துலதான் வந்து நின்னான்."