ஒரு ஓடுகூடக் கருகவில்லை

ஜெர்மனியில் அந்தக் கிராமத்தின் தொண்டர் தீயணைப்புப் படைக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு. விழா மலருக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த வில்ட்ரூட்டிடம் தலைவர் ஹார்ட்முட் வந்து நின்றார்.

"நம்ம படை பேரு சொல்ற மாதிரி ஒரு தீ கிடைச்சுதா?"

"தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு நவம்பர்ல ஒண்ணு. இருபத்திரண்டு பேரும் வந்து அஞ்சு மணி நேரம் தண்ணி அடிச்சிருக்காங்க. அக்கம்பக்கத்துல ஒரு ஓடுகூடக் கருகல."

"அப்ப எங்க தாத்தாதான் தலைவர். முதல் பக்கத்துலயே போடு."

"அவர் கையெழுத்துதான் இருக்கு."

அவள் ஏன் முகத்தை இப்படி இறுக்கமாக வைத்திருக்கிறாள் என்று ஹார்ட்முட்டுக்குப் புரியவில்லை.

"எவ்வளவு வேகமா வந்தாங்கன்னும் போடு. இப்ப உள்ள பசங்களுக்கு உறைக்கட்டும்."

வில்ட்ரூட் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"குழாய் விரித்தது காலை ஆறு மணி. தீப்பிடித்தது ஆறரை மணி." அவர் சிரித்தார். "தாத்தா மாத்தி எழுதிட்டார்."

"மாத்தி எழுதல. கீழ படிங்க."

அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

'உத்தரவுப்படி பக்கத்துக் கூரைகள் மட்டும் நனைக்கப்பட்டன. யூதர் தொழுகைக்கூடத்துக்குத் தண்ணீர் செலவாகவில்லை.'