மூன்றாவது கோழி

“மூணாவது கோழியும் போச்சு, தங்கச்சி. ஒன்னோட நாயப் புடிச்சுக் குடு.”

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிய யசோதினியின் வாசலில் பக்கத்து வீட்டு முத்தையா கயிற்றோடு நின்றார்.

“பிரவுணி கோழியத் தொடாதுண்ணே. கீரியா இருக்கும்.”

“கீரியாவது! இந்த நாய்தான். இந்தா, தேயிலைக்குள்ள கெடந்துச்சு.” முத்தையாவின் மச்சான் தர்ஷன் ஒரு கை இறகை அவள் முன்னால் போட்டான். “அடிச்சுக் கொன்னாத்தான் சரி.”

முத்தையா கயிற்றை நாயின் கழுத்தில் மாட்டினார். அது அவர் கையை நக்கியது.

யசோதினி குனிந்து இறகுகளை அள்ளினாள். ஒன்றிலும் ரத்தமில்லை. ஈரத்தில் கற்றை கற்றையாக ஒட்டியிருந்தன. மழை பெய்தே ஒரு வாரமாகிறது. முகர்ந்து பார்த்தாள். தீபாவளிக்குக் கோழி அடிக்கும்போது அடுப்படியில் வரும் வாடை.

“நீங்களே மோந்து பாருங்கண்ணே. எங்க நாய் கோழியச் சுடுதண்ணியில முக்கியா எறகு புடுங்கும்?”

முத்தையா முகர்ந்தார். பிறகு குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார்.

“மச்சான், நேத்து நீ வீட்டுல சோறே திங்கலையே?” என்று கேட்டபடி திரும்பினார்.

தர்ஷன் அங்கே இல்லை.