ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

“ஏனுங் தம்பி, கீழ உழுந்தா ஒடையாத சைக்கிள் எதுங்க?”

கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொள்ளும் சுதீப் நிமிர்ந்து பார்த்தான். விலை குறைந்த சைக்கிள் கேட்டு வருவார்கள், பளபளப்பான சைக்கிள் கேட்டு வருவார்கள். விழுவதற்கென்றே சைக்கிள் தேடி வந்த முதல் ஆள் இவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தங்கதுரை என்றார். வாசலில் இளநீர் ஏற்றுகிற அவருடைய குட்டியானை வேன் நின்றது.

“உழுந்து உழுந்து என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?”

“நானில்லீங்க. இதைப் பாருங்க.” தங்கதுரை போனை நீட்டினார்.

வீடியோவில் ஒரு நெல் களம். ஹெல்மெட் போட்ட ஒரு சின்ன உருவம் சாதாரண கியர் சைக்கிளில் வேகமாக வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே எம்பில் தரையிலிருந்து தூக்கி, அடுக்கி வைத்த மூன்று செங்கல்லைத் தாண்டியது. அடுத்த முறை நான்கு செங்கல். இந்தத் தடவை குப்புற விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து, கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டியது.

சுதீப்புக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. “அண்ணா! கியர் சைக்கிள்ல இதைப் பண்றதுக்கு அசாத்தியத் தில்லு வேணுமுங்க! பையனுக்கு வித்தை காட்டறதுக்குன்னே செஞ்ச பிஎம்எக்ஸ் சைக்கிள்தானுங்க சரி!”

“அதே பேரைத்தானுங்க சொல்லுச்சு! ஆனா பதினஞ்சாயிரத்துக்கு மேல என்கிட்ட இல்லீங்க. இன்னிக்கே வேணும். நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு என் கையில இருக்கோணும். இல்லீன்னா இனி ஜென்மத்துக்கும் ஓட்ட உடமாட்டாரு.”

“யாருங்க?”

“எங்க மச்சான்தான். பெத்த அப்பன். போன வாரந்தான் இந்த கியர் சைக்கிளைத் தூக்கிப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டாரு.”

“மார்க் கொறஞ்சுருச்சுங்களா? எங்கப்பாவும் இப்படித்தானுங்க. பத்தாவதுல நான் கணக்குல கோட்டை விட்டதும் என் சைக்கிளைக் கெணத்துல போட்டுட்டாரு.”

தங்கதுரை சிரித்தார். அவர் கண் வாசலோரம் நின்ற ஆரஞ்சு நிற வண்டியின் மேல் போய்விட்டது. “இது என்ன வெலைங்க? கண்ணைப் பறிக்குதே!”

“பதினோராயிரம். கண்ணை மட்டுந்தானுங்க பறிக்கும். தூக்கிப் பாருங்க.”

தங்கதுரை தூக்கினார். மூச்சு வாங்கியது.

“பதினஞ்சு கிலோவுக்கு மேலங்க. இதுல சும்மா ரோட்டுல போலாம். வித்தை காட்டப் போனா மூணாம் நாள் வெல்டிங் கடைக்குத்தான் வரும். இருங்க, வர்றேன்.”

உள்ளே ஓடிய சுதீப், தூசி படிந்த ஒரு கறுப்பு வண்டியை உருட்டி வந்தான். தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். “இதோட கம்பி நல்ல ஒசத்தி இரும்புங்க. கனமும் கம்மி, அடியும் தாங்கும். பெடல் மாட்டற தண்டு மூணு துண்டா இருக்குது பாருங்க, ஒண்ணு போனா ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம். பையன் என்ன ஒசரம்?”

தங்கதுரை தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

“அப்பச் சரியா இருக்குமுங்க!”

தங்கதுரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஸ்டாண்டு எங்கீங்க?”

“இருக்காதுங்க.”

“கேரியரு? மட்கார்டு?”

“அதுவும் இருக்காதுங்க.”

“சீட்டு என்னங்க முழங்காலுக்குக் கீழ கெடக்குது?”

“உக்காரறதுக்கு இல்லீங்கண்ணா. நின்னுக்கிட்டேதான் ஓட்டோணும்.”

“அப்பறம் எதுக்குங்க சீட்டு?” என்று கேட்டுக்கொண்டே ஒற்றைக் கையால் வண்டியைத் தூக்கினார். தூக்கியவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, பூ மாதிரி வருதே! இதுதானுங்க! வெலை?”

“பதினெட்டரை.”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. வண்டியை இறக்கி வைத்தார். ஆனால் கைப்பிடியிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

சுதீப்பால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “ரெண்டு வருஷமாத் தூங்குதுங்க இது. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை எவன்டா வாங்குவான்னு எங்கப்பா தெனம் திட்டறாரு. பதினஞ்சே குடுங்க! ஹெல்மெட் மட்டும் போடாம ஓட்ட உட்றாதீங்க. நாலு செங்கல் தாண்டறப்ப வீடியோ எனக்கு வந்தாகோணும்.”

“நாலென்ன, அஞ்சே தாண்டுமுங்க!” தங்கதுரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை வலித்தது.

இருவருமாக வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டினார்கள். கடைசி முடிச்சைப் போடும்போதுதான் சுதீப்புக்கு அந்தப் பயம் வந்தது.

“அண்ணா, பையனோட அப்பாதான் வேண்டாங்கறாரே. நாளைக்கு இதையும் இரும்புக்காரன்கிட்டத் தூக்கிப் போட்டுட்டா?”

“போட முடியாதுங்க தம்பி.” தங்கதுரை துள்ளி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். “பையனில்லீங்க, எங்கக்கா பொண்ணு. வயசுக்கு வந்த புள்ளைக்கு இனி என்ன சைக்கிள்னுதான் மச்சான் அதைத் தூக்கிப் போட்டாரு. நாளைக்கு அவளுக்குத் தெரட்டி சீரு. முந்நூறு சனம் பார்க்க, மேளதாளத்தோட, தாய்மாமன் நான் கொண்டு போய் எறக்கற மொத சீரே இதுதான். வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க, பார்க்கலாம்!”