எழுமலைக்குக் கிளம்பிய கார்

ஜுல்பிகரின் பழைய கார் ஸ்டார்ட் ஆன வேகத்தில் குலுங்கி அணைந்தது.

"சோழவந்தானுக்கு எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புனாத்தான் இப்படி மக்கர் பண்ணும். இன்னைக்கு எழுமலைக்கு, உங்க அக்கா வீட்டுக்கும் அப்படித்தானா?" என்றாள் மனைவி ருமானா.

"அக்கா மகளுக்கு நிச்சயம். தாய்மாமன் நான் போகலைன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா!"

பானட்டைத் திறந்து, இன்ஜினில் செருகியிருக்கும் வேக்குவம் டியூப்களை ஒவ்வொன்றாகத் தடவினான். எப்போதும் கழன்று கிடக்கும் மேல் டியூப் இன்று இறுக்கமாக இருந்தது. அடியில் இன்னொன்று தொங்கியது. மாட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் சீராக ஓடியது.

"இது தானா கழலாதே! எவன் பார்த்த வேலை?"

"நாந்தாங்க," என்றாள் ருமானா. "சோழவந்தான் கிளம்புறப்பல்லாம் நீங்க புடுங்கிவிடுறது மேல் டியூப். அதுல நான் கை வைக்கலாமா? அதான் கீழ உள்ளதைப் புடுங்கினேன்."